பின்னணியில் ஓர் இருமல்

ஏப்ரல் 14

வாலுவுக்கு,

போனில் கூப்பிட்டே இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் நம் வீட்டில் இருப்பது இரண்டே அறை. நீ எந்த மூலையில் நின்று பேசினாலும் அத்தை காதில் விழும். அப்புறம் நீ "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்வாயே தவிர, மனதில் இருப்பது ஒன்றும் வெளியே வராது. அதனால்தான் மின்னஞ்சல். கோபம் வந்தால் கோபமாகவே பதில் எழுது, பரவாயில்லை.

என் அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பத்து நாள் லீவில் வந்தவள் நான். ஊரடங்கில் பஸ்ஸும் நின்று ரயிலும் நின்று, இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையே எனக்கு ஸ்டுடியோ ஆகிவிட்டது. ஒரு பக்கம் அப்பா டிவியை அலறவிடுகிறார். மறுபக்கம் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீ அனுப்பும் பதிவுகளை வெட்டி ஒட்டி, மாலையில் "நம்ம தெரு" என்று நம் குடியிருப்புக்கு அனுப்புகிறேன். மிஸ்டு கால் கொடுத்தால் திரும்ப அழைத்து ஐந்து நிமிடம் பேசும் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் ஜனங்கள் வாசற்படி தாண்டுகிறார்கள். எந்தக் கடை திறந்திருக்கிறது, தண்ணி லாரி எப்போது வரும், மருந்து எங்கே கிடைக்கும், எல்லாம் நம் வாயிலிருந்துதான் அவர்களுக்குத் தெரிகிறது. நான் தெருவைப் பார்த்து ஒரு மாதமாகிறது. உன் பதிவுகள்தான் எனக்குக் கண். ஆகவே குறை சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்யச் சொன்னேன், செய்கிறாய். ஆனால் மேலே ஃபேன் ஓடுகிறது. மளிகைக் கடைக்காரர் பேட்டியில் அவர் பேசியதைவிட நீ பேசியதுதான் அதிகம். அப்புறம், மூன்று நாளாக உன் குரலுக்குப் பின்னால் யாரோ இருமுகிறார்கள். வாக்கியங்களுக்கு நடுவில் வருவதை வெட்டிவிட்டேன். நீ பேசிக்கொண்டிருக்கும்போதே வருவதை வெட்ட முடியவில்லை. யார் அது?

தையல்காரர் மறுபடியும் நம் லைனில் குரல் பதிவு விட்டிருக்கிறார். தன் வீட்டைப் பற்றிய செய்தியை நாம் தப்பு என்று சொல்ல வேண்டுமாம். நாம் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பதில் கொடுக்காதே.

அண்ணி

*

ஏப்ரல் 15

அண்ணிக்கு,

ஃபேனை நிறுத்தினால் போர்வைக்குள் நான் இட்லி மாதிரி வெந்துபோவேன். அப்புறம் "நம்ம தெரு"வை நீங்களேதான் வாசிக்க வேண்டியிருக்கும். மளிகைக் கடைக்காரரிடம் கேள்வி கேட்டால் தராசைப் பார்த்துக்கொண்டு "ம்" என்கிறார். அந்த "ம்"மை வைத்து நான் எத்தனை நிமிடம் ஓட்டுவது?

இருமுவது மேல்வீட்டு வாத்தியார். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், அவர் தொண்டையை மூடவில்லை.

கோபம் வந்தால் எழுதலாம் என்று நீங்களே சொன்னதால் எழுதுகிறேன். பொய் சொல்லவில்லை என்கிறீர்கள். நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்தைச் சொன்ன வாய் என்னுடையது. தையல்காரருக்குத் தொற்று வந்தபோது, தெருவை மட்டும் சொன்னால் போதாதா என்று அன்றைக்கே கேட்டேன். "பாதித் தகவல் வதந்தியைத்தான் வளர்க்கும்" என்றீர்கள். "மூன்றாம் தெருவில் தையல் கடைக்கு மேலே உள்ள வீடு" என்று எழுதிக் கொடுத்தீர்கள், வாசித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களிடம் சொல்லவில்லை. தையல்காரர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் மனைவி குடத்தோடு லாரிக்கு வந்தார். அந்தம்மாவுக்கு நோயே இல்லை, பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். வரிசை அப்படியே விலகியது. "நீங்க கடைசியா வாங்கம்மா" என்றார்கள். கடைசியாக வந்தபோது குழாயில் தண்ணீர் இல்லை. மறுநாளும் அப்படியே. அன்றைக்கு லாரியை ஓட்டிவிட்டு வந்த அண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் சொன்னார்: "உங்க ரேடியோ நல்லா வேலை செய்யுதுன்னு உன் அண்ணிகிட்ட சொல்லு."

இப்போது அவர் குணமாகி வந்துவிட்டார். முகக்கவசம் தைத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். ஒருவரும் தொடுவதில்லை.

வாலு

*

ஏப்ரல் 15, மாலை

வாலு,

தையல்காரர் மனைவி விஷயம் எனக்குத் தெரியாது. தெரியாததற்கு நீ மட்டும் காரணம் இல்லை. அதைப் பிறகு பேசுவோம்.

முதலில் இருமலைப் பேசுவோம். மேல்வீட்டு வாத்தியார், ரயில் நிற்பதற்கு முன்பே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற வழியில் ஸ்டேஷனிலிருந்து நம் லைனில் பேசினார். அந்தப் பதிவை எடிட் செய்தவளே நான்தான். பொய் சொல்ல உனக்கு வராது. ஊரிலேயே இல்லாத ஆளைச் சொல்லி மாட்டிக்கொண்டிருக்கிறாய்.

மூன்று நாள் பதிவுகளையும் இன்றையதையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். அந்த மனிதர் இருமுவதற்கு முன்னால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுகிறார். செருமினால் இருமல் வராது என்று ஒரு நம்பிக்கை. ஒன்பது வருடமாக அந்தச் செருமலைப் பக்கத்தில் படுத்துக் கேட்டவள் நான். முதல் நாள் பதிவில் செருமலுக்கும் இருமலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தது. இன்றைய பதிவில் இடைவெளியே இல்லை.

உன் அண்ணன் என்னோடு குரலில் பேசி எத்தனையோ நாளாயிற்று. கூப்பிட்டால் எடுப்பதில்லை. "வண்டில இருக்கேன்", "டேங்க் நிரப்புறேன்" என்று எழுத்தில்தான் பதில். பாப்பா வீடியோ கேட்டு அழுதாள். நெட் சரியில்லை என்றார். நானும் நம்பினேன்.

அத்தையிடம் கேட்கப் போவதில்லை. அவர் உன்னைவிட நன்றாகப் பொய் சொல்வார். நீ சொல். உன் அண்ணனுக்கு என்ன? இன்னும் லாரி ஓட்டுகிறாரா?

அண்ணி

*

ஏப்ரல் 16

அண்ணி,

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். துணி காயப்போட வந்ததாக அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அண்ணனுக்குத்தான் இருமல். முதலில் உடம்பு வலி என்றார். குழாயை இழுத்து இழுத்து வந்த வலி என்று நாங்களும் நினைத்தோம். அப்புறம் காய்ச்சல். காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு நான்கு நாள் லாரி ஓட்டினார். "நான் போகலன்னா ஓட்ட வேற ஆள் கிடையாது, ஜனங்க குடத்தத் தூக்கிட்டு எங்க போவாங்க?" என்றார். அம்மா தடுத்தார், கேட்கவில்லை. நேற்று முன்தினம் படியேறி வரும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம்தான் லாரிக்காரர்களிடம் முதுகு வலி என்று சொல்லிவிட்டு உள் அறையில் படுத்திருக்கிறார். கதவுக்கு வெளியே தட்டை வைக்கிறோம். பாதிதான் சாப்பிடுகிறார்.

உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாப்பாவை வைத்துக்கொண்டு நீங்கள் அங்கே என்ன செய்ய முடியும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அவகிட்ட சொன்னா சாயங்காலம் நியூஸ்ல வரும். தையல்காரர் வீட்டுக்கு நடந்தது நாளைக்கி நம்ம வீட்டுக்கு நடக்கும். அம்மா தண்ணிக்கு யார்கிட்ட போய் நிப்பாங்க?"

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது அண்ணி. தினமும் போர்வைக்குள் உட்கார்ந்து "காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள்" என்று வாசிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வாயில் துண்டை வைத்து இருமலை அடக்குகிறார். நேற்று வாசித்து முடித்ததும் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

இன்னும் இரண்டு நாளில் சரியாகிவிடும் என்கிறார். நீங்கள்தானே எடிட்டர். அந்தச் சத்தத்தை மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வாலு

*

ஏப்ரல் 16

வாலு,

எதை எடுப்பது? அவர் நுரையீரலையா?

நான்கு நாள் லாரி ஓட்டினார் என்று சாதாரணமாக எழுதிவிட்டாய். ஒரு தெருவுக்கு எத்தனை குடம், எத்தனை கை அந்தக் குழாயைப் பிடிக்கிறது என்று உனக்குத் தெரியும். முகத்துக்கு முகம் பேசாமல் அவரால் ஒரு குடம் நிரப்ப முடியாது. யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிக்கிற மனுஷர்.

அத்தைக்குச் சர்க்கரை. அதே வீட்டில், ஒரு கதவுக்கு இந்தப் பக்கம்.

இன்றைய செய்தியை நான் அனுப்பவில்லை. உன் குரலில் "மறைக்காதீர்கள்" என்ற வரி வந்தது, அதன் அடியில் அவர் இருமல். அனுப்பும் பொத்தான்மேல் விரல் போகவில்லை. நாளை மதியத்துக்குள் நீ சுகாதார மையத்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். நீ கூப்பிடாவிட்டால் நான் கூப்பிடுவேன். இதில் என் கோபத்துக்கோ அவர் கோபத்துக்கோ இடமில்லை.

மூச்சு எப்படி இருக்கிறது? அதை எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 17, காலை

அண்ணி,

செய்தி வராததால் வீட்டு வாசலில் வந்து கேட்கிறார்கள். "என்னம்மா, ரேடியோவுக்கும் ஊரடங்கா?" என்று எதிர்வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து சத்தம் போட்டார். சிரித்து வைத்தேன். அவர் பார்வை உள் அறை ஜன்னல்மேல் இருந்தது. பகலில் எந்நேரமும் சாத்தியிருக்கிற ஜன்னல் எங்களுடையது மட்டும்தான்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் கதவுக்கு வெளியே நின்று படித்துக் காட்டினேன். தப்புதான். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முழுவதையும் கேட்டார். பிறகு, "அவ கூப்பிட்டா... அவகூட எனக்கு... பேச்சு இல்லன்னு சொல்லு" என்றார். இந்தச் சின்ன வாக்கியத்துக்கு நடுவில் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். நீங்கள் கேட்டீர்களே, மூச்சு இப்படித்தான் இருக்கிறது.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் நம்பரை எடுத்து எடுத்து வைக்கிறேன். கூப்பிட்டால் அண்ணன் என்னை மன்னிக்க மாட்டார். கூப்பிடாவிட்டால் நீங்கள். நான் எந்தப் பக்கம் போவது? சாயங்காலம் வரைக்கும் பொறுங்கள். அவர் மனதை மாற்றிப் பார்க்கிறேன்.

வாலு

*

ஏப்ரல் 17, முற்பகல்

வாலு,

கூப்பிட்டுவிட்டேன். நீ எந்தப் பக்கமும் போக வேண்டாம். பழி என்னோடு இருக்கட்டும்.

எந்தத் தெரு, எந்தக் கட்டடம், எந்த மாடி, எந்தப் பக்கத்துக் கதவு என்று கேட்டார்கள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லும்போது தையல்காரர் வீடு ஞாபகம் வந்தது. மாடியை இரண்டு தடவை சொன்னேன்.

ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது. அவர் போன் சார்ஜரைப் பையில் போடு. அத்தையும் நீயும் முகத்தை மூடிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திற. இனி மூடி என்ன ஆகப்போகிறது.

நான் இங்கே பாப்பாவுக்குச் சாதம் பிசைந்துகொண்டிருக்கிறேன். பிசைந்த சாதத்தையே மறுபடி பிசைவதைப் பார்த்து, போதும்மா, ஊட்டு என்கிறாள்.

அண்ணி

*

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

மூன்று நாளாக உங்கள் கடிதங்களைத் திறக்கவில்லை. இன்றுதான் படித்தேன். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு இங்கே நடந்தது தெரியாது.

ஆம்புலன்ஸ் தெருமுனையில் திரும்பியதுமே ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன. உடம்பு முழுக்க மூடிய உடை போட்ட இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு மேலே வந்தார்கள். அண்ணன் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். "நான் என்ன பொணமா? நடந்தே வரேன்." கைப்பிடிச் சுவரைப் பிடித்து இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றார். கீழ்வீட்டுக் கதவு சங்கிலி போடும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அண்ணன் தோளில் வளர்ந்தவர்கள்.

வாசலுக்கு வந்தபோது எதிர்வீட்டுக்காரர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஒரு பெண் குரல்: "ஊரார் வீட்டு நோவையெல்லாம் மைக் போட்டுச் சொன்னீங்களே, இத ஏன் சொல்லல?" அம்மா பதில் சொல்லப் போனார். அண்ணன் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு ஊசி நேரம் மறந்துடாத" என்றார். உங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்கும் எனக்கும் தொற்று இல்லை. ஆனால் வெளியே போகக் கூடாது, கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். லாரிக்கு வேறு ஓட்டுநர் கிடைக்காமல் தெருவில் தண்ணீரே வரவில்லை. அதற்கும் எங்களைத்தான் திட்டுகிறார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இனிமேல் நான் வாசிக்க மாட்டேன். வேறு ஆளைப் பாருங்கள்.

வாலு

*

ஏப்ரல் 21

வாலு,

இதை நீ படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

தையல்காரரின் புதிய குரல் பதிவு ஒன்று லைனில் இருக்கிறது. அவர் சொன்னது அப்படியே: "வணக்கம்மா. உங்க வீட்டு விஷயம் கேள்விப்பட்டேன். அவர் நல்லபடியா வரணும். ஆனா ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு அடையாளத்த சொன்னீங்க. உங்க வீட்டு அடையாளத்தையும் சொல்வீங்களா? பழி தீக்கறதுக்குக் கேக்கல. என் பொண்ணு கேக்குறா, நம்ம வீட்ட மட்டும் ஏன்பா சொன்னாங்கன்னு. அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லணும்."

கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அப்பா டிவியைத் தானாகவே அணைத்துவிட்டார்.

அவர் வீட்டை நாம் சொல்லியிருக்கவே வேண்டாம். கடையோ மூடிக் கிடந்தது, யாருக்கும் அந்தத் தகவல் தேவைப்படவில்லை. தெருவைச் சொல்லியிருந்தால் போதும். நீ கேட்டதுதான் சரி. நம் விஷயம் வேறு. குழாயைப் பிடித்தவர்களுக்கு, லாரிப் பக்கம் நின்று பேசியவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நர்ஸ் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். லாரியிடம் போனதாக ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையாம். எல்லோர் வீட்டிலும் குடம் நிரம்பியிருக்கிறது, ஆனால் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை.

இதை நான் வாசித்தால் தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்திருப்பவள் பேசுகிறாள் என்பார்கள். உண்மையும் அதுதான். நீ வாசித்தால் கேட்பார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று இந்தத் தடவை நான் எழுதித் தரப் போவதில்லை. மாட்டேன் என்றாலும் சரி, உன்னைக் குறை சொல்ல மாட்டேன். செய்தியை நிறுத்திவிடுவோம்.

அண்ணி

*

ஏப்ரல் 22

அண்ணி,

பதிவை அனுப்பியிருக்கிறேன். போர்வை இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினேன். தெருச் சத்தம் இருக்கும், இருக்கட்டும்.

அம்மா பக்கத்திலேயே நின்றார். "தண்ணி லாரி ஓட்டுனவர் என் அண்ணன். அவருக்குத் தொற்று இருக்கு. காய்ச்சலோட நாலு நாள் உங்களுக்குத் தண்ணி விட்டார். நாங்க மறைச்சோம். வரிசையில் நின்னவங்க நர்ஸ்கிட்ட சொல்லுங்க. சொன்னா உங்கள யாரும் தள்ளி வைக்கக் கூடாது. தள்ளி வச்சதால்தான் நாங்க மறைச்சோம்" என்று சொல்லிவிட்டு, முதல் தெரு, மருந்துக் கடைக்கு எதிர்க் கட்டடம், இரண்டாம் மாடி என்று நம் வீட்டையும் சொன்னேன். தையல்காரரிடம் மன்னிப்பும் கேட்டேன். அந்த இடத்தில் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. எடுக்க வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா இடையில் "எல்லாத்தையும் சொல்லணுமாடி" என்று கேட்டது பதிவில் விழுந்திருக்கும். அதை மட்டும் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

வாலு

*

ஏப்ரல் 26

வாலு,

உன் குரல் உடைந்த இடத்தை விட்டுவைத்தேன். அத்தையை எடுத்துவிட்டேன்.

நர்ஸ் பேசினார். செய்தி போன மறுநாள் காலை சுகாதார மையத்தில் வரிசையே நின்றதாம். இரண்டு பெண்களுக்குத் தொற்று, இருவருக்கும் மூச்சுத் தொந்தரவு வருவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். நம்மைத் திட்டியும் நிறையக் குரல் பதிவுகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றையும் அழிக்கவில்லை.

அவற்றுக்கு நடுவில் ஒரு பதிவு. உன் அண்ணன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து, மற்ற ஜனங்களைப் போலவே மிஸ்டு கால் கொடுத்து, நம் செய்தி முழுவதையும் கேட்டுவிட்டு, பீப் ஓசைக்குப் பிறகு பேசியிருக்கிறார். நான் தினமும் கூப்பிடுகிறேன், எடுப்பதில்லை. ஆனால் இந்த லைனைக் கேட்பது நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

மாஸ்க் மாட்டிய குரல். பின்னால் ஏதோ மெஷின் ஓசை. நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்: "நம்ம தெருவுக்கு... ஒரு தகவல். நீங்க சொன்னதுல ஒரு எடம் விட்டுப்போச்சு. மூணாம் தெரு கடைசியில பாதி கட்டி நிக்குதே, அந்தக் கட்டடம். உள்ள வேலைக்கு வந்தவங்க ஊருக்குப் போக முடியாம தங்கியிருக்காங்க. டேங்க்ல மிச்சம் இருக்கறத... தெனமும் சாயங்காலம் அங்க விடுவேன். கம்பெனிக்குத் தெரியாது. தெரிஞ்சா வேலை போயிடும்னு டாக்டர்கிட்டயும் சொல்லல. அவங்ககிட்ட போன் கிடையாது, உங்க நியூஸ் அங்க போகாது. யாராவது போய்ப் பாக்கணும். சீக்கிரம் போகணும்."

அவ்வளவுதான். எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

நர்ஸிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் பேசும் மொழி தனக்கு வராது, பழக்கமான ஆள் ஒருவர் கூட வந்தால் நல்லது என்கிறார். நீ வெளியே போக முடியாது. யாரைக் கேட்கலாம்?

அண்ணி

*

ஏப்ரல் 29

அண்ணிக்கு,

யாரைக் கேட்டேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றாம் தெருவில் என்னிடம் இருந்த ஒரே நம்பர் தையல்காரருடையது. அவரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "அவங்களுக்கு நான்தான் துணி ஒட்டுப்போட்டுக் குடுப்பேன். அவங்க பேச்சு எனக்குக் கொஞ்சம் வரும்" என்றார். பிறகு, "எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே, நான் போறேன். வேற யாரையும் அனுப்பாதீங்க" என்றார்.

நர்ஸோடு போனார். போனை அணைக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். உங்களைப் போலவே காதால் பார்த்தேன். படியில் செருப்புச் சத்தம், சிமெண்ட் சாக்கை விலக்கும் சத்தம், யாரோ எழுந்து நிற்க முயன்று திரும்ப உட்காரும் சத்தம். தையல்காரர் அவர்கள் பேச்சில் ஏதோ கேட்டார். நான்கைந்து பேர் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். நர்ஸ் நடுவில், "எல்லாரையும் ஒரே நேரத்தில பேச வேண்டாம்னு சொல்லுங்க, மொதல்ல அந்த மூலையில படுத்திருக்கறவரப் பாக்கணும்" என்றார்.

ஆறு பேருக்குக் காய்ச்சல். மூலையில் படுத்திருந்தவருக்கு எழவே முடியவில்லை. எல்லோரையும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து பேர் தேறி வருகிறார்கள். அந்த ஒருவர் நேற்றுக் காலை போய்விட்டார் அண்ணி.

அவர் ஊருக்குத் தையல்காரர்தான் போன் போட்டுச் சொன்னார். இறந்தவரின் மனைவி எடுத்தாராம். அதற்குமேல் தையல்காரர் என்னிடம் சொல்லவில்லை. கட்டடத்தில் மீதி இருப்பவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், அதைச் செய்தியில் சொல்லுங்கள் என்றார். அவர் குரலிலேயே பதிவு பண்ணி அனுப்பியிருக்கிறேன். புது ஓட்டுநர் வந்துவிட்டார். லாரி இப்போது அந்தக் கட்டடத்துக்கும் போகிறது.

அண்ணன் ஆக்ஸிஜனிலிருந்து வெளியே வந்துவிட்டார், வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். நேற்று என்னிடம் நன்றாகப் பேசினார். கட்டடத்துக்குப் போனீங்களா என்று கேட்டார். போனோம், ஆறு பேரைக் கூட்டிட்டுப் போனாங்க என்று மட்டும் சொன்னேன். எல்லாரும் நல்லாருக்காங்களா என்றார். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மறுபடியும் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். உங்கள் போனை எடுக்க மாட்டார் என்று தெரியும். ஆனாலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. செய்தியில் கேட்டு அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

வாலு

*

ஏப்ரல் 30

வாலுவுக்கு,

இன்றைய செய்தியில் தையல்காரர் குரல்தான் முதலில் வரும். நீ அதற்குப் பிறகு. இறந்தவரைப் பற்றி இன்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டாரிடம் கேட்டுவிட்டுச் சொல்வோம்.

உன் அண்ணனைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பிறகு வார்டு நர்ஸைக் கூப்பிட்டு, உன் அண்ணன் போனை வாங்கி என் அழைப்பை எடுத்து அவர் காதில் வைக்கச் சொன்னேன். "நியூஸ்லேர்ந்து பேசறேன்" என்றேன். "சொல்லுங்க" என்றார், யாரோ மூன்றாம் மனுஷியிடம் பேசுகிற மாதிரி.

சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. ஆறு பேர், அதில் ஒருவர், எப்போது, எப்படி. அவர் தொண்டையைச் செருமவில்லை, இருமவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"பேர் என்ன?" என்றார்.

தையல்காரரிடம் கேட்டு வைத்திருந்தேன். சொன்னேன். அவர் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொன்னார். அப்புறம், "குழாயை அவர்தான் புடிப்பார். மத்தவங்க எல்லாரும் புடிச்சு முடிக்கற வரைக்கும் தன் பக்கெட்ட வைக்க மாட்டார்" என்றார்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் என்று நான் சொல்லவில்லை. அதை அவர் எனக்கு முன்பே தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பார்.

பிறகு, "பாப்பா எங்க, அவகிட்ட குடு" என்றார். பாப்பா என் மடியில்தான் இருந்தாள், போனுக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் கொடுக்கவில்லை.

"மொதல்ல எங்கிட்ட பேசுங்க" என்றேன்.

பேசினார்.

அண்ணி